கச்சான், பாலைப்பழம், ஒரு நாள் வாடகை

ஹனா பிராக் நகரத்துக்காரி.
காலமை ஏழரை ரெயிலில் கிளிநொச்சியில் இறங்கினாள்.
முதுகில் ஒரு பை, கையில் ஒரு புத்தகம்.
அதில் எங்கட ஊருக்கு அரைப் பக்கம்,
மிச்ச அரைப் பக்கத்தில் வேறெங்கோ நிக்கிற யானை.

"பழைய நகரம் எந்தப் பக்கம்?" எண்டாள்.

என்ஜிஓ வாகனம் ஓடின காலத்து இங்கிலீஷ் என்னட்டை இருக்கு,
துருப்பிடிச்சாலும் ஸ்டார்ட் எடுக்கும்.
சொன்னன்:
இஞ்சை நிக்கிற கட்டடம் எல்லாத்துக்கும் நான் மூத்தவன்.
அந்த வங்கிக்கு என்ர கடைசி மகளின்ர வயது.
நீ இறங்கின ஸ்டேசன் அவளிலும் இளசு.
இதுவும் ஒரு காலம் தலைநகரந்தான்,
எந்தப் படத்திலும் ஆரும் நட்சத்திரம் போடாத தலைநகரம்.

சிரிக்கலாமோ எண்டு
என்ர முகத்தை ஒருக்காப் பார்த்துப்போட்டுத்தான் சிரிச்சாள்.

முதலில் முறிகண்டி.
பிள்ளையாருக்கு முன்னால
ஆமி ட்ரக்கும் நிக்கும், கொழும்பு பஸ்ஸும் நிக்கும், என்ர ஓட்டோவும் நிக்கும்.
தேங்காய் உடைச்சன்.
மணலில் வறுத்த கச்சான் ஒரு சரை வாங்கிக் குடுத்தன்.
சரை சுத்தின தாள் ஆரோ ஒரு பிள்ளையின்ர கணக்குக் கொப்பி,
ஏழாம் கணக்கு பிழை.
அவள் கோதை எல்லாம் பொக்கற்றுக்குள்ள போட்டு
குப்பைத்தொட்டி தேடினாள்.

வழியில் தன்ர ஊர் மணிக்கூட்டைப் பற்றிச் சொன்னாள்.
அறுநூறு வருசப் பழசாம்.
மணிக்கு மணி ஒரு எலும்புக்கூடு கயிறிழுத்து மணி அடிக்குமாம்,
கீழே சனம் கழுத்தை நிமித்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நிக்குமாம்.
எங்கட ஊரிலும் அடிச்சது, எண்டன்.
மணிக்கு மணி எண்டில்லை.

பிறகு கனநேரம் ஓட்டோச் சத்தம் மட்டும்.

இரணைமடு.
கட்டில் ஏறினதும் தண்ணி, தண்ணி, பிறகும் தண்ணி.
செத்த மரத்தில் நீர்க்காகம் சிறகை விரிச்சுக் காய விட்டிருந்துது.
உங்கட ஆறு, பாலம், கோபுரம் எல்லாத்துக்கும் சேர்த்து
எங்களுக்கு இதுதான் எண்டன்.
கமராவை அந்தப் பக்கம் திருப்பாதை எண்டும் சொன்னன்.
ஏன் எண்டு கேட்கவில்லை.
தூரத்து மஞ்சள் போர்டை வாசிச்சிருப்பாள்.

மத்தியானம் தவமலரின்ர கடை.
குழல் புட்டு, குளத்து யப்பான் மீன் பொரியல்,
கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை.
முள்ளை நாக்காலே தள்ளப் பழகினாள்,
மூண்டாந்தரம் சரிவந்துது.
எங்களிட்டையும் மாவை உருட்டி அவிப்பம்,
நூலால அறுத்துத்தான் தட்டில் வைப்பம், எண்டாள்.
"நூலாலயோ?"
தவமலர் தையல்பெட்டியிலிருந்து ஒரு முழம் எடுத்து வந்தாள்.
புட்டுக்குழல் பாதியில் உதிர்ந்து
மேசை எல்லாம் தேங்காய்ப்பூ.
கடைக்குள்ள இருந்த லொறிக்காரரும் சிரிச்சாங்கள்.

திரும்பிற வழியில் பாலைப்பழம்,
றோட்டோரத்தில் ஒரு பெடியன், சுண்டு கணக்கு.
வாய் வைக்க முதல் சொல்ல மறந்துபோனன்.
பத்துப் பழம் போகேக்குள்ள
"உங்கட வீட்டில் எத்தினை பேர்..." எண்டு தொடங்கினாள்.
பால் பிடிச்சு உதடு ரெண்டும் ஒட்டிப்போச்சு.
எனக்கும் ஒட்டித்தான் இருந்துது.
கண்ணால கேட்டாள்.
நான் ஓட்டோவை ஓரங்கட்டி
சீற்றுக்குக் கீழ இருந்த தேங்காயெண்ணைப் போத்திலை எடுத்தன்.
தேய்ச்சுத் தேய்ச்சு வாய் திறந்தபோது
அவள் வேறை கேள்வி கேட்டாள்:
"இந்த மரம் எத்தினை வருசம் நிக்கும்?"
வெட்டாட்டில் கனகாலம், எண்டன்.

பின்னேரம் ஸ்டேசனடியில் வாடகையை எண்ணித் தந்தாள்.
நோட்டில் பாலைப் பிசின்.
சும்மா கேட்டன்: இண்டைக்குத் திண்ட சாப்பாடு
உங்கட ஊரில் எவ்வளவு வரும்?
மனசுக்குள்ள பெருக்கினாள், போனில் பெருக்கினாள்,
ஒரு தொகை சொன்னாள்.

கூட, எண்டன்.
குறைக்கச் சொல்லு.